கைராசிக்காரி நட்ட ஓக்

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவர்கள்கூடக் கைராசியை நம்புகிறார்கள். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கறிவேப்பிலைக் கன்றோ ரோஜாப் பதியனோ, எது வாங்கினாலும் தோட்டவேலை பார்க்கும் கோமதியம்மாளின் கையால்தான் நடவேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து பிழைக்க வந்தவளுக்கு அந்தப் பெயர்தான் சொத்து. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்றால் பொய்.

மூன்றாம் மாடி ஸ்மிதா, கரமனை அக்ரகாரத்துப் பெண், மெக்சிகோ மலைக்காட்டு ஓக் மரக் கன்று ஒன்றை எங்கோ தேடிப்பிடித்து வாங்கி வந்தாள். அதையும் கோமதியம்மாள்தான் நட்டாள். அலுவலக வேலையாக வெளிநாடு கிளம்பும்போது ஸ்மிதா சொன்னாள்: "அக்கா, மாசியில இலையெல்லாம் கொட்டிடும், பயப்படாதேங்கோ. அதோட ஊர்ல அப்போ மழையே கிடையாது, மரம் தூங்கும். தண்ணி மட்டும் விடப்படாது, கேட்டேளா?"

"செரி மோளே" என்றாள் கோமதியம்மாள்.

மாசியில் இலை கொட்டியது. சுற்றிலும் எல்லாம் பச்சை, இது மட்டும் குச்சி. "சேச்சி நட்டதும் உணங்கிப் போயோ?" என்று நாலாம் மாடி ஓமனா சிரித்துக்கொண்டே கேட்டாள். கைராசிக்காரி நட்டதுகூடக் காய்ந்துபோயிற்றாம்! அந்தச் சிரிப்பு சுட்டது. மறுநாளிலிருந்து கோமதியம்மாள் காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். வெயிலில் நிற்கிற உயிருக்குத் தண்ணீர் கொடுக்காதே என்பதும் ஒரு பேச்சா என்று நியாயம் வேறு சொல்லிக்கொண்டாள். மரத்துக்காக ஊற்றவில்லை, தன் பெயருக்காக ஊற்றினாள் என்பது அவளுக்கே தெரியும்.

மழைக்காலம் வந்தும் ஓக் துளிர்க்கவில்லை. லேசாக அசைத்தாள், கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் கறுத்து அழுகிக் கிடந்தது.

திரும்பிவந்த ஸ்மிதா அவளைத்தான் தேற்றினாள். "என் தப்பு அக்கா. இந்த ஊர் மழை அதுக்கு ஆகலை. நீங்க எவ்வளவு பார்த்துண்டிருப்பேள்!"

கோமதியம்மாள் தலையாட்டி வைத்தாள். அப்படித் தலையாட்டியதை நினைத்து அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சில வாரங்களில் ஸ்மிதா இன்னொரு ஓக் கன்றோடு வந்து நின்றாள். "இதையும் நீங்களே நட்டுடுங்கோ. ராசியான கை."

கோமதியம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் கை வேண்டாம் மோளே. நீ சொன்னதக் கேக்காம தண்ணி ஊத்தி நாந்தான் கொன்னுட்டேன். நாலு பேரு சிரிக்காவளேன்னு ஊத்துனேன்."

ஸ்மிதா கன்றைக் கீழே வைத்தாள். "சாரமில்லை அக்கா, விடுங்கோ" என்றாள். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே கன்றைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கே மாடியேறிப் போனாள்.