ஞாயிற்றுக்கிழமை ஹாரன்

அண்ணன் குடித்தால் ஏன் சண்டை போடுகிறார் என்பதற்கு எங்கள் வீட்டில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. சரக்கு மட்டம் என்பார் அம்மா. வெறும் வயிறு என்பார் அப்பா. சேர்க்கை சரியில்லை என்பது இருவரும் சேர்ந்து சொல்வது. மறைமலை நகரில் கார் உதிரிபாகங்களைச் சோதிப்பது என் வேலை. ஒன்று உடைந்தால் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவோம். அதே பழக்கத்தில் இவற்றையும் கழித்தேன். விலை உயர்ந்த சரக்கிலும் சண்டை வந்தது. பிரியாணிக்குப் பிறகும் வந்தது. தனியாகக் குடித்த அன்றும் வந்தது.

தினமும் காலையில் கம்பெனி வேன் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்குள் வந்து ஹாரன் அடிக்கும். என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஓடுவதே அண்ணன்தான். டிரைவரும் அவரும் மச்சான் போட்டுப் பேசிக்கொள்வார்கள். ஓவர்டைம் இருந்த ஒரு ஞாயிறு வேன் மதியம் வந்தது. அதற்குள் அண்ணன் குடித்திருந்தார்.

"இன்னாடா, வூட்டுப் பொண்ண ஹாரன் அட்ச்சு கூப்புடுற?" என்று டிரைவரின் சட்டையைப் பிடித்தார்.

"தெனமும் இப்டித்தான மச்சான் அடிக்கிறேன்?"

டிரைவர் சிரித்தார். பயத்தில் வந்த சிரிப்பு. குடிக்காத அண்ணனுக்கு அது புரிந்திருக்கும். போதையில் எந்த முகமும் அவருக்குக் கேலியாகத்தான் தெரியும். மற்ற நேரத்தில் கோபத்தை ஒரு நொடி பிடித்துவைக்கும் ஏதோ ஒன்றும் அப்போது கழன்றுவிடும்.

"நக்கலா?" ஓர் அறை.

மாடியிலிருந்து வீட்டு ஓனர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா அங்க?"

"ஒண்ணுமில்ல சார்." அண்ணன் கையை எடுத்தார். டிரைவரின் காலரை நீவிக்கூட விட்டார்.

"இனிமே தெருவுக்குள்ள வரமாட்டேன் மேடம். மெயின் ரோட்டுக்கு வந்து ஏறிக்குங்க" என்று சொல்லி, டிரைவர் என்னை ஏற்றாமலே போய்விட்டார்.

அண்ணன் ஃபேனுக்கு அடியில் தூங்கினார். அவர் எழுந்துவிடாதபடி அம்மா மெதுவாகச் சொன்னார்: "பேசாம நீ வேலைய விட்டுடு. வேன் வந்தாத்தானே சண்டை?"

"பால்காரர் பெல் அடிக்கிறாரே, பாலையும் நிறுத்திடலாமா?"

"வாய் நீளுது உனக்கு."

அண்ணன் குடிக்க, நான் வேலையை விட வேண்டுமாம். எந்தத் தொழிற்சாலையிலும் இப்படி ஒரு தீர்வை எழுதிக் கொடுத்தால் சிரிப்பார்கள்.

திங்கட்கிழமை சீக்கிரமே கிளம்பினேன். வாசலில் அண்ணன், தலையைப் பிடித்துக்கொண்டு.

"குடிச்சிருந்தேன்ல, தெரியாம நடந்துபோச்சு."

"ஓனரப் பாத்தப்பவும் குடிச்சுத்தாண்ணா இருந்தே."

நான் மெயின் ரோட்டுக்கு நடந்தேன்.