மாமனாரின் டேபில் என் மெசேஜ்கள்

என் மாமனாருக்குக் காது அநேகமாகப் போய்விட்டது. காதில் வைக்கும் மெஷின் விசிலடிக்கிறது என்று கழற்றி டப்பாவில் போட்டவர், பிறகு அதைத் தொடவே இல்லை. மயிலாப்பூர் ஃப்ளாட்டில் நான், கணவர், மகள், அவர் என்று நாலு பேர். சாப்பிடக் கூப்பிடுவதற்குக்கூட அவர் முகத்துக்கு எதிரே போய் நின்று கத்த வேண்டும். நந்தனத்தில் ஆபீஸ் முடிந்து, பஸ்ஸில் நசுங்கி வந்து, அதற்கப்புறம் கத்தவும் வேண்டுமென்றால் எனக்குக் கோபம் வரும். பொதுவாகவே சீக்கிரம் வரும்.

எழுதிக் காட்டினால் நன்றாகப் படிப்பார். அதனால் தி. நகரில் ஒரு டேப், அதாவது பெரிய திரை வைத்த டேப்லெட், வாங்கி வந்தோம். வீட்டுக்கென்று ஒரு மெசேஜ் குரூப் வைத்து எழுதினால், பெரிய எழுத்தில் அவருக்கும் எல்லாம் தெரியும் என்பது என் யோசனை. டேபில் சிம் கிடையாது. அவர் நம்பரில் கணக்கு தொடங்க வேண்டுமென்றால் அவருடைய பட்டன் ஃபோனுக்கு ஓடிபி வரும். அதுவோ சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. சார்ஜரைத் தேட எனக்குப் பொறுமை இல்லை. என் ஃபோனால் ஸ்கேன் செய்து, என் கணக்கையே டேபில் இணைத்துவிட்டேன்.

"மேல வீடுன்னு இருக்கு பாருங்கோ, அதை மட்டும் தொட்டாப் போறும்" என்று எழுதிக் காட்டினேன். தலையாட்டினார். வேறெங்கும் போக அவருக்குத் தெரியாது என்று எப்படித்தான் முடிவு கட்டினேனோ. அவர் முன்னால் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்பது எங்கள் வீட்டில் பழகிப்போன விஷயம். அந்தப் பழக்கத்தில்தான் நினைத்திருப்பேன்.

பெங்களூரில் இருக்கும் என் தங்கைக்கு நான் தினமும் எழுதுவேன். எல்லாம் அவரைப் பற்றிய புலம்பல்தான். "காபியை உறிஞ்சற சத்தம் வாசல் வரைக்கும் கேக்கறது." "டிவி அலறறது, நேக்கு மண்டையிடி." "ரெண்டு பேர் சிரிச்சாப் போறும், என்னது என்னதுன்னு வந்து நிக்கறார். திருப்பித் திருப்பிச் சொல்லி மாளல." தங்கை அவரைப் போலவே பேசிக் காட்டுகிற மாதிரி ஏதாவது எழுதி, கூடவே சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போடுவாள்.

டேப் வந்து கொஞ்ச நாளில் வீடு அமைதியானது. டிவியின் சத்தத்தை அடியோடு அணைத்துவிட்டு, கீழே ஓடும் எழுத்தை மட்டும் பார்த்தார். காபியை ஆறவைத்துக் குடித்தார். "என்னது?" என்று கேட்பது நின்றே போயிற்று. மனுஷர் சாதுவாகிவிட்டார் என்று கீழ் வீட்டு மாமியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் ஆபீஸில் மீட்டிங் நடக்கும்போது தங்கையின் மெசேஜ் வந்தது. வெளியே வந்து எடுத்தால், அது ஏற்கெனவே படித்ததாக இருந்தது. நான் திறக்கவில்லை. பின்னே யார் திறந்தது? டேப் ஞாபகம் வந்தது. நின்ற இடத்திலேயே நான் எழுதியதையெல்லாம் மேலிருந்து படித்துப் பார்த்தேன். அந்த மனுஷர் இத்தனையையும் படித்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தன்னை மாற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் நான் போட்ட சாதத்தைச் சாப்பிட்டிருக்கிறார். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஃபோனிலிருந்தே இணைப்பைத் துண்டித்திருக்கலாம். அது இன்னொரு திருட்டுத்தனம் என்று பட்டது. வீட்டுக்குப் போய் அவர் எதிரே உட்கார்ந்து, "இதுல என் மெசேஜ் எல்லாம் வரது. எடுத்துடறேன். என்னை மன்னிச்சுடுங்கோ" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

படித்தார். டேபை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"எடுத்துடாதேம்மா" என்றார், தன் குரல் தனக்கே கேட்காதவர்களின் சத்தத்தில். "ஆத்துல யார் என்ன பேசிக்கறான்னே நேக்குத் தெரியாம இருந்துது. இப்பதான் கொஞ்சம் தெரியறது. உன் தங்கை நன்னா வேடிக்கையா எழுதறா."

நான் எடுக்கவில்லை. ஆனால் தங்கையைக் கூப்பிட்டு, இனிமேல் எழுதாதே, மத்தியானம் ஆபீஸிலிருந்து பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். கோபத்தை விட்டுவிட எனக்குத் தெரியவில்லை, அவர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளத்தான் தெரிந்தது. இப்போது டேபுக்குப் போவதெல்லாம் "சாதம் ரெடி", "மாத்திரை போட்டுண்டாச்சா", "மத்தியானம் கரண்ட் வராது" மட்டும்தான்.

போன வாரம் என்னைக் கூப்பிட்டு டேபைத் திருப்பிக் காட்டினார். தங்கையின் பெயரைத் தொட்டுத் திறந்து வைத்திருந்தார். அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

"உன் தங்கைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? ஒண்ணுமே எழுதக் காணோமே."

"வேலை ஜாஸ்தியாம்" என்று எழுதிக் காட்டினேன்.

"பாவம்" என்றார். "வேலை ஒழிஞ்சப்போ எழுதச் சொல்லு. என்னைப் பத்தின்னாலும் பரவாயில்லே."