பழுப்பை நம்பியவள்

எங்கள் லேபில் அவளுக்குக் கத்தி அக்கா என்று பெயர். வேலையும் கத்தியில்தான், வாயும் கத்திதான். மெழுகில் புதைத்த சதைத் துண்டை முடியைவிட மெல்லியதாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுப்பாள். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. ரிப்போர்ட் அடிக்கும் என்னை 'டைப்பு' என்றுதான் கூப்பிடுவாள். டாக்டரைக்கூட விட்டுவைக்க மாட்டாள்.

அவளுடைய அண்ணன் பஸ் ஓட்டுநர். அவருக்கு ஈரலில் புற்றுநோய்க் கட்டி, அறுத்தெடுக்க முடியாத இடத்தில். மிச்சமிருந்தது ஒரு புது மருந்து. அது தானாகப் புற்றைக் கொல்லாது, உடம்பின் எதிர்ப்பு அணுக்களைத் தட்டி எழுப்பும், அவ்வளவுதான். அணுக்கள் கட்டிக்குள் புகுந்திருந்தால்தான் எழுப்பிப் பயன். அணுக்கள் வெளியே நின்றுவிட்ட நோயாளிகளுக்கு அந்த மருந்தை ஏற்ற எங்கள் ஆஸ்பத்திரியில் சம்மதிப்பதில்லை.

உள்ளே இருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை. சாயம் ஏற்றினால் எதிர்ப்பு அணுக்கள் மட்டும் பழுப்பாகும், மற்றதெல்லாம் நீலம். ஈரலில் ஒரு வில்லங்கம் உண்டு. அதன் சதையிலும் ரத்தத்திலும் சாயத்தைச் சும்மாவே பழுப்பாக்கும் சரக்கு இருக்கிறது. முதலில் பெராக்சைடு விட்டு அதை அடக்காவிட்டால் கண்டதெல்லாம் பழுப்பாகிவிடும். தப்பு நடந்தால் தெரியட்டும் என்றுதான், விடை முன்பே தெரிந்த கண்ட்ரோல் ஸ்லைடு ஒன்றையும் கூடவே போடுவோம். இதை மறந்த புது ஆட்களை அக்கா அழவைத்து அனுப்பியிருக்கிறாள்.

அண்ணனின் சதைத் துண்டு வந்த அன்று அவளுக்கு வரிசையில் காத்திருக்கப் பொறுக்கவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அதை மட்டும் தனியாகப் போட்டாள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவள், "டைப்பு, உள்ள நிறைய இருக்குடா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். எங்கள் தொழிலில் செய்யவே கூடாத காரியம் அது. நான் தடுத்திருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கு வாய் வரும்?

டாக்டர் அரை நிமிடம்தான் பார்த்தார்.

"கண்ட்ரோல் ஸ்லைடு எங்கம்மா?"

அக்கா தட்டைத் திரும்பிப் பார்த்தாள், அதில் வேறு ஸ்லைடே இல்லை.

"ரத்த அணுகூட பழுப்பா இருக்கு. பெராக்சைடு போட்டீங்களா?"

அவளுக்கு நினைவே வரவில்லை.

மறுபடி சீவினாள், எல்லாவற்றையும் முறையாகச் செய்தாள். கட்டிக்குள் ஒரே நீலம். எதிர்ப்பு அணுக்கள் அத்தனையும் கட்டியின் விளிம்போடு, பூட்டிய வீட்டின் முன் கூடிய கூட்டம் மாதிரி நின்றிருந்தன. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. எனக்கு அவற்றின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு தூரம் வந்த சனியன்களுக்கு இன்னும் ரெண்டு அடி எடுத்து வைத்தால் என்ன கேடு?

சாயங்காலம் அவளோடு நானும் போனேன். அண்ணனின் சீருடை இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கியது. மதியம் போன் வந்த கையோடு போடச் சொன்னாராம். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வயிறு வீங்கி, கண் மஞ்சளாக, ஆனால் சிரித்த முகமாக.

"எப்போ மருந்து ஏத்துறாங்க?"

"இல்லண்ணே. நான் தப்பா பாத்துட்டேன். உள்ள ஒண்ணுமே இல்ல."

சமையலறையில் அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"மெஷின் தப்பா?"

"இல்ல, நான்தான். அவசரத்துல ஒண்ண விட்டுட்டேன்."

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"உங்க அண்ணிகிட்ட மெஷின்னே சொல்லு," என்றார்.

ஆறு வாரத்தில் போய்விட்டார். அண்ணி இன்றும் யார் வந்தாலும் அந்த மெஷினைத் திட்டித் தீர்க்கிறார். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.