அகாமாஸ் மலையில் நான் சிரித்த சிரிப்பு

குவைத் மங்காஃபிலிருந்து ஒரு வாசகி போன வாரம் மெயில் அனுப்பியிருந்தார். லீவுக்குக் குடும்பத்தோடு சைப்ரஸ் போகிறார்களாம். 'நீங்கள் போய் வந்ததாக எழுதியிருந்தீர்களே, கிளைமேட் எப்படி, எந்த டிரெய்லில் நடக்கலாம், கொஞ்சம் விவரமாக எழுதுங்களேன்' என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. போய் வந்தேன் என்று இந்த வாரப் பத்தியில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு ஒரு வருடமாக வாயை மூடிக்கொண்டிருப்பவன் நான்தானே?

சொல்கிறேன்.

துபாயிலிருந்து நான்கு மணி நேர ஃப்ளைட். மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில் இருக்கிற தீவு. குளிர்காலத்தில் மழை, நடுவிலுள்ள மலையுச்சியில் பனிகூட விழும். மார்ச், ஏப்ரலில் போனால் மலைச்சரிவெல்லாம் பூ என்கிறார்கள். நாங்கள் போனது ஜூனில், ஹஜ் பெருநாள் லீவில். பூ எல்லாம் முடிந்து, புல் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது.

நாங்கள் என்றால் நான்கு பேர். நான், என் மனைவி வசந்தி, அன்வர் பாய், அவர் மனைவி ரஹ்மத் அக்கா. அன்வர் பாய் கீழக்கரைக்காரர். துபாய் அல் கூஸில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் ரேடியேட்டர் ஒழுகி என் கார் அவர் கடை வாசலில் நின்றது. பதினெட்டு வருடமாகச் சிநேகம்.

தீவின் மேற்கு முனையில் அகாமாஸ் என்று ஒரு தீபகற்பம் இருக்கிறது. கடற்கரையில் தொடங்கி, மலை ஏறி, சுற்றிக் கீழே இறங்குகிற டிரெய்ல். மூன்று மணி நேர நடை. பெண்கள் இருவரும் கீழே காபிக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஹோட்டலில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வந்ததில், நாங்கள் ஏறத் தொடங்கும்போதே பத்தரை.

டிரெய்ல் தொடங்கும் இடத்தில் ஒரு போர்டு. கோடையில் விடியற்காலையிலேயே நடந்து முடித்துவிடுங்கள், தண்ணீர் நிறைய எடுத்துச் செல்லுங்கள் என்று எழுதியிருந்தது. எங்கள் கையில் ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில்.

"முப்பத்தஞ்சு டிகிரிக்குப் போய் போர்டு வச்சிருக்காங்க, சேகர்" என்றார் அன்வர் பாய். "நமக்கு இது ஏசி போட்ட மாதிரில்ல. யல்லா, வாங்க."

எனக்கும் அது சரியென்றே பட்டது. நாற்பத்தெட்டைப் பார்த்தவர்கள் இல்லையா நாம்?

இல்லை. அதுதான் விஷயம். வீட்டு ஏசியிலிருந்து கார் ஏசி, கார் ஏசியிலிருந்து கடை ஏசி. இருபது வருட வளைகுடா வாழ்க்கையில் வெயிலில் நின்றதை எல்லாம் கூட்டினால் எவ்வளவு வரும்? வெயில் தெரிந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களை நாம் கார் கண்ணாடிக்குள்ளிருந்துதான் பார்க்கிறோம்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே இருந்தது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, முள்ளும் புதருமாக ஒரு செடி... கிள்ளி முகர்ந்தால் அசல் ஓம வாசனை. பாதி வழியில் ஒரு பழைய இடிபாடு, பக்கத்தில் பெரிய ஓக் மரம். அந்த நிழலில் உட்கார்ந்து தண்ணீரை முக்கால்வாசி குடித்துவிட்டோம். அதற்கு மேலே மரமே இல்லை. பாறையிலிருந்து சூடு முகத்தில் அடித்தது. கீழே கடல் மட்டும் நம்ப முடியாத நீலத்தில் கிடந்தது.

உச்சிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். பின்னாலிருந்து அன்வர் பாய் குரல் கொடுத்தார்.

"ஷட்டரை எறக்கிருப்பா. யாரும் வந்தா நாளைக்கு வரச் சொல்லு."

நான் சிரித்தேன். களைப்பில் ஜோக் அடிக்கிறார் என்று நினைத்தேன். "கலாஸ் பாய், எல்லாம் முடிஞ்சுது, கடையைச் சாத்தியாச்சு" என்றேன்.

"சாவி எங்க?"

"என்கிட்டதான் இருக்கு. பயப்படாதீங்க."

இப்படியே பத்து நிமிடம் நடந்தோம். அவர் கேட்க, நான் பதில் சொல்ல. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை நான். "சாவியக் குடுறா" என்று அவர் கோபமாகச் சொன்னபோதுதான் திரும்பினேன். பதினெட்டு வருடத்தில் என்னை 'டா' போட்டதில்லை. முகம் சிவந்து, வியர்வையே இல்லாமல் உலர்ந்திருந்தது. கண் என்னைப் பார்த்தது. ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை. அப்படியே மடங்கி விழுந்தார்.

ஒரு புதரின் முழ அகல நிழலுக்கு அவரை இழுத்தேன். மிச்சத் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். போனில் சிக்னல் இல்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டு உச்சிக்கு ஓடினேன். விட்டுவிட்டுப் போகிறோமே என்ற நினைப்பு இன்றைக்கும் கனவில் வருகிறது. உச்சியில் சிக்னல் கிடைத்ததும் எமர்ஜென்சிக்குப் போன் செய்தேன். காட்டுப் பாதை வழியாக ஜீப் வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது.

என் வேலை என்ன தெரியுமா? கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனியில் சேஃப்டி இன்ஜினியர். ஒவ்வொரு கோடையிலும் சைட்டில் ஹீட் ஸ்ட்ரோக் போஸ்டர் ஒட்டுகிறோம். அதன் தமிழ் வாசகத்தைத் திருத்திக் கொடுத்தவன் நான். 'உடன் வேலை செய்பவர் சம்பந்தமில்லாமல் பேசினால் உடனே நிறுத்தி உட்கார வையுங்கள்.' அந்த வரியில் 'உடனே' என்ற வார்த்தையைச் சேர்த்தவனும் நான்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ரஹ்மத் அக்கா கேட்டார்: "மேல என்ன நடந்துச்சு தம்பி?"

"திடீர்னு விழுந்துட்டாருக்கா."

அன்வர் பாய் பிழைத்துக்கொண்டார். ஆனால் சூடு மூளையில் நடைக்கும் பேச்சுக்கும் உரிய இடத்தைத் தொட்டுவிட்டது. வாக்கர் பிடித்து நடக்கிறார். வார்த்தைகள் குழறி, ஒன்றொன்றாக வருகின்றன. கடையை மச்சான் பார்த்துக்கொள்கிறார்.

மங்காஃப் வாசகிக்கு: சைப்ரஸ் அழகான தீவு. ஏப்ரலில் போங்கள். ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்குங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். கூட வருபவர்களோடு பேசிக்கொண்டே நடங்கள். முக்கியமாக, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

போன வெள்ளிக்கிழமை அன்வர் பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். வார்த்தைகளைத் தேடித் தேடிக் கேட்டார்.

"சேகர்... அன்னைக்கு... விழறதுக்கு முந்தி... நான் எதும் பேசுனேனா?"

"இல்ல பாய். ஒண்ணும் பேசல."

"உங்கள... ரொம்ப... சிரமப்படுத்திட்டேன்."

தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது படிக்க உட்கார்ந்தால் அவர் கண்ணுக்கு எழுத்துகள் ஆடுகின்றன. வாராவாரம் இந்தப் பத்தியை ரஹ்மத் அக்காதான் வாசித்துக் காட்டுகிறார். இந்த வாரமும் காட்டுவார்.

எதிரில் உட்கார்ந்து சொல்லத் துணிவில்லாதவன்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறான்.