சிவப்புத் திட்டுக்குள் ஒரு வீடு

சித்தப்பா அரசு நிலவியல் துறையில் வேலை பார்க்கிறார். தாது தேடி, ஒரு தனியார் கம்பெனியின் விமானம் காந்தப்புலத்தை அளக்கும் கருவியோடு எங்கள் தெருவுக்கு மேல் பறந்தது. அளவுகளைக் கம்பெனியும் துறையும் பகிர்ந்துகொண்டன. கம்பெனி வரைபடத்தில் எங்கள் வீட்டின்மேல் சிவப்புத் திட்டு விழுந்திருந்தது. அடியில் இரும்புத்தாது இருக்கிறதாம். பக்கத்துக் கிடங்கின் தகரக் கூரை செய்த கோளாறு என்று துறை அதைத் தன் வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டது.

நான் பயணம் முடிந்து வந்து இறங்கியபோது வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த பெயின்டர், அடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் காத்திருந்தார்.

"வீட்டை இடிச்சுத் தோண்டுவாங்களா, மாட்டாங்களா? அந்த ஆபீஸ்லதானே குப்பை கொட்டறீங்க?" என்றாள் சித்தி.

"கம்பெனி மேப்பும் ஒப்புதலுக்கு எங்க ஆபீசுக்குத்தான் வந்துச்சு, ரெண்டுலயும் நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். எதை நம்பறதுன்னு எனக்கே புரியல" என்றார் சித்தப்பா.

இரண்டையும் மறுபடி விரித்துப் பார்த்துவிட்டுப் பெயின்டரிடம் திரும்பினார்.

"முன்பக்கம் மட்டும் அடிப்பா. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."