கொண்டைக்காரனுக்கு இடம் பார்த்த கதை

“ரெண்டே மாசம்” என்று சொல்லித்தான் அந்தக் காக்கடீல் பறவையை என் தலையில் கட்டினான் ஆபீசில் என் பக்கத்து சீட்டுக்காரன். அவனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. போய் வீடு பிடித்ததும் பறவையை வரவழைத்துக்கொள்வானாம். கிளி சைஸில் இருக்கிற இதற்கு யார் விசா கொடுப்பார்கள் என்று அப்போதே எனக்குச் சந்தேகம்தான். ஆனால் கூண்டுக்குள் இருந்தது தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டது. சரி, விட்டுட்டுப் போ என்றேன்.

சாம்பல் நிற உடம்பு, மஞ்சள் முகம், இரண்டு கன்னத்திலும் குங்குமம் தொட்டு வைத்த மாதிரி பொட்டு, தலையில் நிமிர்ந்த கொண்டை. ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார்கள். என் வாயில் அது நுழையவில்லை. “டேய்” என்றேன். திரும்பிப் பார்த்தான். அதோடு பெயர் பிரச்சினை தீர்ந்தது.

விவேக் நகரில் இரண்டாவது மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். அப்போது வேலை வீட்டிலிருந்துதான். லேப்டாப் திரையின் மேல் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு எல்லா மீட்டிங்கிலும் அவனும் கலந்துகொள்வான். மேனேஜர் பேச ஆரம்பித்தால் மட்டும் விசில் அடிப்பான். “யாரு அது?” என்று மேனேஜர் கேட்டபோது “என் தம்பி சார், கொஞ்சம் வாலு” என்று சமாளித்தேன்.

காய்கறி வாங்கப் படி இறங்கும்போதெல்லாம் “போயிட்டு வரேன்டா” என்று சொல்லி, அதையே மெட்டாக மூன்று சுரத்தில் விசிலடிப்பேன். எங்கள் வீட்டில் வாசலில் நின்று “போறேன்” என்று சொல்லிவிட்டால் போச்சு, அம்மா செருப்பைக் கழற்றச் சொல்லி உட்காரவைத்துவிடுவாள். அந்தப் பழக்கம் பறவையிடமும் விடவில்லை. அவனும் அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டு, நான் திரும்பி வந்தால் கொண்டையைத் தூக்கி அதையே எனக்குப் பாடிக்காட்டுவான்.

பிறகு ஆபீஸ் எல்லோரையும் வாரம் முழுக்க வரச் சொன்னது. அவுட்டர் ரிங் ரோடு பஸ்ஸில் போகவும் வரவுமே பாதி நாள் போய்விடும். காலையில் “போயிட்டு வரேன்டா” என்றதும் கூண்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கத்துவான் பாருங்கள், தெருமுனை வரைக்கும் கேட்கும். கீழ்வீட்டு ஆன்ட்டி ஒரு நாள் வழி மறித்தார். “நீ போனதுலேர்ந்து ஒரே கத்தல்மா. மத்தியானம் அடங்கிடுது. அது அடங்கறதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு.”

கூண்டுக்கு அடியில் இறகு கிடந்ததை முதலில் வழக்கமாக உதிர்வது என்று நினைத்தேன். ஒரு நாள் குளிப்பாட்டும்போது பார்த்தால் நெஞ்சில் இறகே இல்லை, இளஞ்சிவப்புத் தோல் தெரிகிறது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“உடம்புல ஒண்ணும் இல்லம்மா. தனியா இருந்து இருந்து தானே பிச்சிக்குது. இப்படியே விட்டா புண்ணாயிடும். பகல்ல ஆளு இருக்கற வீடா பாருங்க” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. டாக்டர் மேல், ஆபீஸ் மேல், ஜெர்மனிக்காரன் மேல். விஷயத்தை எழுதி அவனுக்கு அனுப்பினால் அழுகிற முகம் ஒன்றைப் போட்டு “நீயே பாத்து செய்” என்று பதில் அனுப்பினான். அந்த ஊரில் அழுகை ரொம்ப மலிவு போலிருக்கிறது. ரேடியோ போட்டு வைத்தேன், கண்ணாடி தொங்கவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஜோடி ஒன்று வாங்கி விடேன் என்றார்கள் ஆபீசில். நல்ல யோசனை, பகல் முழுக்க ரெண்டு பேராக உட்கார்ந்து கத்தட்டும் என்றேன். நெஞ்சின் வெறும் இடம் பெரிதாகிக்கொண்டே போனது.

ஆகவே இடம் பார்க்க ஆரம்பித்தேன். வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டதும் ஒரு குடும்பமே கிளம்பி வந்தது. நன்றாகத்தான் உட்கார்ந்தார்கள், காபி குடித்தார்கள். பிறகு அந்த அம்மா, “பாடுமா? எங்க, ஒண்ணு பாடச் சொல்லுங்க பாப்போம்” என்றார். எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் இதே தொனியில்தான் கேட்டார்கள், அதுவும் பஜ்ஜியை மென்றுகொண்டே. நல்லவேளை, இவன் முதுகைத் திருப்பிக்கொண்டு எச்சம் போட்டான். எனக்கு வராத தைரியம் அது.

“பகல்ல வீட்ல யாரு இருப்பாங்க?” என்று கேட்டேன்.

“யாரும் இல்ல. ஆனா கேமரா இருக்கு, போன்லயே பாத்துக்கலாம்.”

“யோசிச்சு சொல்லி அனுப்பறேன்” என்றேன். அந்த வசனத்தை ஒரு முறையாவது நான் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

அடுத்து மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். “எங்க வீட்டுக்காரர் பஸ் கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவரும்மா. வாய் ஓயவே ஓயாது. முன்னல்லாம் பஸ் பூரா ஜனம் கேட்டுச்சு, இப்ப நான் ஒருத்திதான் கேக்கறேன். உன் பறவைக்குக் காது நல்லா கேக்குமில்ல?”

ஞாயிற்றுக்கிழமை கூண்டோடு ஆட்டோவில் போனேன். கதவைத் திறந்த கண்டக்டர் என்னை விட்டுவிட்டுக் கூண்டிடம், “பன்னி, பன்னி! ஒளகே பன்னி!” என்று கன்னடத்தில் உள்ளே வரச் சொல்லி வரவேற்றார். “டிக்கெட்லாம் வேணாம், ஏறுடா உள்ள” என்று உடனே தமிழுக்கு வந்தார். கொண்டை சட்டென்று நிமிர்ந்தது. பஸ்ஸை எடுக்கச் சொல்கிற மாதிரி உதட்டைக் குவித்து அவர் விசிலடித்ததும் இவன் கம்பி ஓரத்துக்கே நகர்ந்து வந்துவிட்டான்.

நான் விடவில்லை. ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் வெளியே விடுவீர்களா, ஜன்னலில் வலை அடிப்பீர்களா, ரெண்டு பேரும் ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். “என்னம்மா, பொண்ணு குடுக்கற மாதிரி கேக்கற!” என்று சிரித்தார். “ஆமாங்க, அப்படித்தான் வச்சிக்கங்களேன்” என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளம்பும்போது “போயிட்டு வரேன்டா” சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் கத்துவான். கத்தினால் கூண்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். அவர் எதையோ காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது சத்தமில்லாமல் நழுவிவிட்டேன். மெட்ரோவில் நின்றபடி அழுதேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் பழக்கதோஷத்தில் “டேய்” என்றேன்.

“கொஞ்ச நாள் நீ வராதேம்மா, அது இங்க பழகட்டும்” என்று கண்டக்டர் வீட்டம்மா சொல்லியிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் கூப்பிட்ட பிறகுதான் போனேன்.

கண்டக்டரின் தோளில் இருந்தான். நெஞ்சில் முள் முள்ளாக இறகு முளைத்திருந்தது, ஓரங்களில் அது விரிந்தே விட்டது. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் சில்லறைக்குச் சண்டை போட்ட ஒரு பயணியின் கதை ஓடிக்கொண்டிருந்தது. இவன் கண்ணைப் பாதி மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். என் தோளுக்கும் வந்தான், கம்மலைக் கடித்து இழுத்தான், பிறகு பழைய இடத்துக்கே பறந்து போய்விட்டான். வயிற்றெரிச்சலாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

கிளம்பும்போது முன்மாதிரியே நழுவிவிடலாம் என்று பையை மெதுவாகத் தூக்கினேன். தோளிலிருந்து விசில் வந்தது. மூன்று சுரம், என் மெட்டு. கத்தல் இல்லை, பதற்றம் இல்லை.

“இவரு பால் வாங்கப் போனாலும் இப்படித்தாம்மா” என்றார் அந்த அம்மா. “யாரு செருப்பு மாட்டினாலும் இதைப் பாடி அனுப்பி வைக்குது. எங்க கத்துக்கிச்சோ.”

வாசலில் நின்று, “போயிட்டு வரேன்டா” என்று வாய்விட்டுச் சொன்னேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்டக்டர் உள்ளங்கையில் நீட்டிய தினையைக் கொத்திக்கொண்டிருந்தான்.