அப்பாவின் பேண்டில் மணல்

அப்பாவின் காக்கி பேண்டை எடுத்து, அதன் கால்நுனிகளை அம்மா இறுகத் தைத்து மூடியபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செம்பூரில் பெயிண்ட் அடிக்கச் சாரத்தில் ஏறிய அப்பா கீழே விழுந்து, ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். காலில் அடி, சரியாகிவிடும் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். சரியாகி வருகிறவர் எதைப் போட்டுக்கொள்வார்? ஏழு வயதுக்காரி எனக்கு விளங்கிய நியாயம் அம்மாவுக்கு விளங்கவில்லையே!

பால் கவர்களில் மணலைக் கட்டி, மாமா அந்தப் பேண்டுக்குள் திணித்தார். அம்மாவின் தம்பி அவர். தாராவியில் எங்கள் சந்துக்குப் பின்னால் இருந்த ஜிம்மே கதி என்று கிடப்பவர். இடுப்பையும் தைத்து மூடி, பழைய இரும்பு வாங்கும் பங்கார் கடைத் தராசில் நிறுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரவைத்தார். அம்மா அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, அப்படியே திரும்பி, கட்டிலில் வைக்கவேண்டும். முதல் நாள் மூட்டையோடு அம்மாவும் தரையில் உருண்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

"முதுக வளைக்காத யக்கா, முட்டிய மடக்கு. இது நாப்பது கிலோதான். அத்தான் அம்பத்தெட்டுல்லா?"

அம்மா மறுபடி எழுந்து நின்றாள்.

"எம்மா, நீ குஸ்திக்குப் போப்போறியா?" என்று கேட்டேன்.

"ஆமாட்டி. போ, போய்ப் படி."

நான் அதை நம்பினேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமையடித்தேன். தினமும் மணல் ஏறியது. இரண்டு வாரத்தில் அம்மா மூச்சு வாங்காமல் தூக்கினாள். எதற்கு இந்தக் கூத்து என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அப்பா வந்த அன்று மாமாவும் பக்கத்துவீட்டுக்காரரும் அவரைத் தூக்கிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். "தள்ளுங்க," என்றாள் அம்மா. முட்டியை மடக்கினாள், கட்டிப்பிடித்தாள், ஒரே மூச்சில் தூக்கிக் கட்டிலில் வைத்தாள். நான் கைதட்டினேன். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அம்மா கீழே போடவில்லை, எங்கேயும் இடிக்கவுமில்லை; பின்னே ஏன் அழுகிறார்? பாவமாக இருந்தது. அவர் காதருகே போய்ச் சொன்னேன்:

"பயப்படாதீங்கப்பா. நீங்க இன்னும் குண்டானாலும் அம்மா தூக்கிரும்."

அதற்குப் பிறகுதான் அவர் சத்தம்போட்டு அழுதார். நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.